ஏழாவது வசனம்

எங்கள் சபையில் செவ்வாய்க்கிழமை மத்தியானம் மூன்று மணிக்குப் பெண்கள் கூட்டம் நடக்கும். கறம்பக்குடியில் பஸ்ஸை விட்டு இறங்கி, முந்திரிக்காட்டை ஒட்டிக் கொஞ்ச தூரம் நடந்தால் தகரக் கூரை போட்ட கட்டடம் ஒன்று வரும். அதுதான் சபை. பாட்டும் ஜெபமும் முடிந்ததும் வேதத்தில் ஒரு அதிகாரத்தை எடுத்து, ஆளுக்கொரு வசனமாகச் சுற்றி வாசிப்போம். பாயில் வட்டமாக உட்கார்ந்திருப்போம். பாஸ்டரம்மா முதல் வசனம் வாசிப்பார்கள். அவர்களுக்கு வலது கைப் பக்கம் இருப்பவர் இரண்டாவது. அப்படியே சுற்றி வரும்.

நான் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தேன். வீட்டில் தனியாக இருந்தால் எழுத்துக் கூட்டி எதையும் படித்துவிடுவேன். நாலு பேர் முன்னால் என்றால் வாய் வராது. சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். கடைக்குப் போய் உப்பு வேண்டும் என்று கேட்பதற்குக்கூட, வேறு யாராவது கேட்டு முடிக்கட்டும் என்று நிற்பேன். அதனால் கூட்டத்தில் நான் ஒரு வழி வைத்திருந்தேன். பாஸ்டரம்மாவிலிருந்து எனக்கு முன்னால் எத்தனை பேர் என்று எண்ணுவேன். ஆறு பேர் என்றால் எனக்கு ஏழாவது வசனம். உடனே அந்த வசனத்தில் விரலை வைத்து, உதட்டுக்குள்ளேயே நாலைந்து தரம் சொல்லிப் பார்த்துக்கொள்வேன். என் முறை வரும்போது தட்டாமல் வாசித்துவிடுவேன்.

ஒரு தடவை மட்டும் மாட்டிக்கொண்டேன். பால் ஊற்றிவிட்டு நேரங்கழித்து வந்த ஒருத்தி எனக்கு முன்னால் இடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். கணக்கு ஒன்று தள்ளிப்போனதை நான் கவனிக்கவில்லை. அவள் வாசித்து முடித்த அதே வசனத்தை நானும் கணீரென்று வாசித்தேன். கூட்டமே சிரித்தது. என் கணவரின் அண்ணன் மனைவி, எனக்கு மூத்த ஓரகத்தி, அக்கா என்றுதான் கூப்பிடுவேன், அவர்கள் சும்மா இருக்கிற ஆள் இல்லை.

“என்னடி, ஆண்டவருக்குக் காது மந்தம்னு ரெண்டு தரம் சொல்றியா?” என்றார்கள்.

அன்றிலிருந்து சீக்கிரமே போய், சுவிட்சுப் பெட்டிக்குக் கீழே ஏழாவது இடத்தில் உட்கார ஆரம்பித்தேன். முதல் ஆறு பேரும் தவறாமல் நேரத்துக்கு வருகிறவர்கள். அக்காவுக்கு நாலாவது இடம்.

இதில் ஒரு தப்பு இருந்தது. எனக்கு முன்னால் வாசிப்பவர்களின் சத்தம் காதில் விழும், ஆனால் என்ன வாசிக்கிறார்கள் என்று தெரியாது. என் வசனத்தில்தான் உயிர் இருக்கும். என் முறை முடிந்த பிறகு, தப்பில்லாமல் முடிந்ததே என்ற நிம்மதியில் மிச்சமும் காதில் ஏறாது. நான் மட்டும் இல்லை. பதினைந்து பேர் இருந்தால் பதினைந்து பேரும் எண்ணிக்கொண்டுதான் இருந்தோம். ஒரு அதிகாரம் முழுக்கச் சத்தமாக வாசிக்கப்படும், ஒருத்தரும் அதைக் கேட்டிருக்க மாட்டோம். இருபத்தைந்து வருஷத்தில் எனக்கு எத்தனையோ வசனங்கள் பாடமாகிவிட்டன. எல்லாம் ஒற்றை ஒற்றையாக. தெருவில் விளையாடுகிற பிள்ளைகளைப் பார்க்கிற மாதிரிதான், முகம் தெரியும், எந்த வீட்டுப் பிள்ளை என்று தெரியாது.

நாலு வருஷத்துக்கு முன்னால், மழைக்காலத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, எல்லாவற்றையும் இழந்து சாம்பலில் உட்கார்ந்த மனுஷனுடைய சரித்திரத்தில் எட்டாம் அதிகாரம் வந்தது. வேதத்தில் வருகிற பெரியவர்களைப் பெயர் சொல்லி எழுத எனக்குக் கை வராது. சாம்பல்காரர் என்றுதான் எங்கள் பக்கத்துப் பெண்களும் பேசிக்கொள்வோம். ஏழாவது வசனம் எனக்கு வந்தது. தொடக்கம் அற்பமாக இருந்தாலும் கடைசி நிறைந்து இருக்கும் என்கிற வசனம். தெரியாத ஆளே கிடையாது. வருஷப் பிறப்புக் காலண்டரில் இருக்கும். கல்யாணப் பத்திரிகையில் இருக்கும். எங்கள் ஊரில் நெல் அறுக்கிற வண்டி ஒன்றின் நெற்றியில்கூட எழுதியிருக்கிறது. நான் வாசித்து முடித்ததும் எல்லாரும் ஆமென் என்றார்கள். பாஸ்டரம்மா என்னைப் பார்த்துச் சிரித்து, “இந்த வாரம் ஒங்களுக்குக் குடுத்த வாக்குத்தத்தம்மா இது. பிடிச்சுக்கங்க,” என்றார்கள்.

பிடித்துக்கொண்டேன். என் பேத்திக்கு அப்போது இரண்டு நாளாகக் காய்ச்சல்.

எனக்கு ஒரே மகள். குன்றாண்டார்கோவிலுக்குப் பக்கத்தில் ஒரு ஊரில் கட்டிக்கொடுத்திருந்தோம். மருமகன் டிராக்டர் ஓட்டுகிறவர். என் கணவர் மகள் கல்யாணம் முடிந்த மூன்றாம் வருஷம் தவறிப்போனார். கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து, எத்தனையோ உபவாசத்துக்குப் பிறகு பிறந்த பெண் பிள்ளை அது. ஆறு வயசு, ஒண்ணாம் வகுப்பு. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மகள் போனில், “ஊசி போட்டாச்சும்மா, எறங்கிரும்கிறாங்க,” என்றாள். நான் அந்த வசனத்தை அவளிடம் சொல்லவில்லை. என்னிடமே வைத்துக்கொண்டேன். அடுப்பு மூட்டும்போதும் ஆட்டுக்குத் தண்ணீர் வைக்கும்போதும் சொல்லிக்கொண்டே இருந்தேன். புதன்கிழமை தஞ்சாவூருக்குக் கொண்டு போனார்கள். வியாழக்கிழமையும் சொல்லிக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை காலையில் பிள்ளை போய்விட்டது.

நான் போய்ச் சேர்ந்தபோது கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். பள்ளிக்கூடத்து ரிப்பனையே கட்டிவிட்டிருந்தார்கள். மகள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. நான் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ரொம்ப நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தோம். அதோடு விட்டிருக்கலாம். என் சுபாவத்துக்கு அதுதான் வரும், வாயைத் திறக்காமல் இருப்பது.

சுற்றி இருந்த பெண்கள் விடவில்லை. “பெத்தவ பக்கத்துல இருக்கா, ஒரு வார்த்தை சொல்ல மாட்டேங்கிறாளே,” என்றாள் சம்பந்தி வீட்டுக் கிழவி ஒருத்தி. “நீ சொன்னாத்தான் அவ அழுவா. அழலைன்னா மூளைக்கு ஏறிரும். சொல்லு ஆத்தா.”

எல்லார் கண்ணும் என் மேல் இருந்தது. கூட்டத்தில் என் முறை வரும்போது இருக்குமே, அந்த மாதிரி. எனக்கென்று சொந்தமாக ஒரு வார்த்தையும் வரவில்லை. செவ்வாய்க்கிழமையிலிருந்து வாயிலேயே கிடந்த வசனம்தான் வந்தது. ஒரு எழுத்துத் தட்டாமல் முழுசாகச் சொன்னேன். சபையிலிருந்து வந்திருந்த இரண்டு மூன்று பேர் ஆமென் என்றார்கள்.

மகள் திரும்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. முன்னே பின்னே தெரியாத ஒருத்தி தன்னைத் தெருவில் அடித்துவிட்ட மாதிரி பார்த்தாள்.

“இதையாம்மா எனக்குச் சொல்ற?” என்றாள்.

அவ்வளவுதான். எழுந்து உள்ளே போய்விட்டாள். ஆறு வயசில் முடிந்த பிள்ளைக்கு முடிவு நிறைவு என்று சொன்னால் எந்தத் தாய்க்குத்தான் பொறுக்கும், அதனால் வந்த கோபம் என்று நான் நினைத்துக்கொண்டேன். அதுவும் இருந்திருக்கும். அதற்கு மேல் ஒன்று இருந்தது என்று எனக்குத் தெரிய நாலு வருஷம் ஆனது.

அடக்கம் முடிந்து மூன்றாம் நாள் ஜெபத்துக்கு அவள் வெளியே வரவில்லை. அதற்குப் பிறகு கோயில் வாசலை மிதிக்கவில்லை. போன் பண்ணினால் எடுப்பாள். “ம்.” “சாப்பிட்டேன்.” “இருக்கார்.” “வைக்கிறேன்.” நாலு வார்த்தைக்கு மேல் ஐந்தாவது வராது. திருவிழா, கல்யாணம் எதற்கும் வருவதில்லை. நான் போனால் காப்பி போட்டு வைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவாள்.

நான் செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தை விடவில்லை. விட்டால் ஏன் வரவில்லை என்று கேட்பார்கள், பதில் சொல்ல வேண்டும். அதற்குப் பயந்துதான் போனேன் என்று சொன்னால் ஆண்டவர் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நினைக்கிறேன். சாட்சி சொல்லுகிற நேரத்தில் மற்றவர்கள் வேலை கிடைத்ததை, கட்டி கரைந்ததை, பிள்ளை வரம் பெற்றதைச் சொல்வார்கள். நான் கைப்பையின் வாரைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

போன வருஷம் கண்ணில் சதை வளர்ந்து எழுத்து மங்கியது. கண் முகாமில் பார்த்து, பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போய் இரண்டு கண்ணுக்கும் ஒன்றன்பின் ஒன்றாக ஆப்பரேஷன் செய்தார்கள். கண்ணாடியும் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து ஒரு மாதம் அடுப்புப் பக்கம் போகக் கூடாது, கூட்டத்தில் இடிபடக் கூடாது என்றார்கள். அந்த மாதம் முடிந்து கண்ணாடியைப் போட்டு வேதத்தைத் திறந்தேன். எழுத்து ஒவ்வொன்றும் கழுவி வைத்த மாதிரி இருந்தது. யாரும் பக்கத்தில் இல்லை. என் முறை என்று ஒன்றும் இல்லை. முதல்முதலாக ஒரு அதிகாரத்தை முதல் வசனத்திலிருந்து கடைசி வசனம் வரைக்கும் நானே வாசித்தேன்.

திறந்தது சாம்பல்காரரின் முதல் அதிகாரத்தில்தான். வேண்டுமென்றே எடுத்தேன். என்னுடைய வசனம் அங்கேதான் எங்கேயோ இருக்கிறது, அது ஏன் பொய்த்தது என்று பார்க்க வேண்டும் போல் இருந்தது. காலையில் ஆடு அவிழ்த்துவிட்ட பிறகு ஒரு அதிகாரம், விரல் வைத்து. பத்துப் பிள்ளைகள் அவருக்கு. மூத்தவன் வீட்டில் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது வனாந்தரக் காற்று வந்து வீட்டின் நாலு மூலையிலும் மோத, அத்தனை பேரும் ஒரே இடிபாட்டில். அந்த இடத்தில் இரண்டு நாள் நின்றுவிட்டேன். பிறகு சிநேகிதர் மூன்று பேர் வருகிறார்கள். அவரை அடையாளமே தெரியவில்லை அவர்களுக்கு. ஏழு நாள் தரையில் அவர் கூடவே உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருத்தரும் ஒரு வார்த்தை பேசவில்லை, அவர் துக்கம் அவ்வளவு பெரியது என்று கண்டபடியால்.

எனக்கு நெஞ்சில் யாரோ கை வைத்த மாதிரி இருந்தது. பேசாமல் உட்கார்ந்திருப்பது வேதத்தில் எழுதி வைக்கிற அளவுக்கு ஒரு காரியம் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. நான் அதை ஒரு குறையாகத்தான் சுமந்துகொண்டு திரிந்தேன். எனக்குத் தெரிந்த ஒரே வேலை அது. அன்றைக்கு அந்தக் கூடத்தில் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன், வாயைத் திறக்கிற வரைக்கும்.

எட்டாம் அதிகாரத்துக்கு வந்தேன். ஏழாவது வசனத்தை முதலில் பார்க்காமல் முதல் வசனத்திலிருந்தே போனேன். பேசுகிறவர் ஆண்டவர் இல்லை. மூன்று சிநேகிதரில் ஒருவர். சாம்பல்காரர் அழுது புலம்புவது பொறுக்காமல் சண்டைக்கு வருகிறார். நாலாவது வசனத்தில், உம்முடைய பிள்ளைகள் பாவம் செய்திருப்பார்கள், அந்தப் பாவத்தின் கைக்கே அவர் அவர்களைக் கொடுத்துவிட்டார் என்கிற மாதிரி சொல்கிறார். பிள்ளைகளைப் பறிகொடுத்தவனைப் பார்த்து. அதற்கு மூன்று வசனம் தள்ளி, நீ ஒழுங்காக இருந்தால் எல்லாம் சரியாகிவிடும், கடைசி நிறைந்திருக்கும் என்கிறார்.

அதுதான் என் வசனம். நான் பிடித்துக்கொண்டது.

புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேனோ தெரியாது. ஆடு பக்கத்து வீட்டுக் கத்திரிக்காயில் மேய்ந்து, அவர்கள் வந்து சத்தம் போட்டபோதுதான் எழுந்தேன். அந்த நாலாவது வசனமும் அன்றைக்கு என் காது கேட்க வாசிக்கப்பட்டதுதான், மூன்று ஆள் தள்ளி. நான் அப்போது ஏழாவதை உதட்டுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அடுத்து நினைவுக்கு வந்ததுதான் என்னைக் கீழே தள்ளியது. என் மகள் சின்ன வயசில் ஞாயிற்றுக்கிழமை ஓய்வுநாள் பாடசாலையில் மனப்பாடத்தில் ஒவ்வொரு வருஷமும் பரிசு வாங்குவாள். எங்கள் வீட்டு எவர்சில்வர் டம்ளர் பாதிக்கு மேல் அப்படி வந்ததுதான். ஒரு வருஷம் பரீட்சைக்கு இந்தச் சாம்பல்காரர் சரித்திரம் வைத்திருந்தார்கள். சமையல்கட்டுக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே, யார் யாரிடம் என்ன சொன்னார்கள் என்று ஒப்பித்துக்கொண்டிருப்பாள். அவளுக்கு அந்த வசனத்தின் வீடு தெரியும். முன்னும் பின்னும் தெரியும். பெற்ற தாய் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, ஊரே பார்க்க அந்தச் சிநேகிதனின் வாயை வாங்கிப் பேசியபோது அவள் காதில் விழுந்தது ஏழாவது வசனமாக இருந்திருக்காது. நாலாவதாகத்தான் இருந்திருக்கும். உன் பிள்ளை போனதற்குக் காரணம் இருக்கிறது, நீ இனிமேலாவது ஒழுங்காக இரு. அதைத்தான் நான் சொன்னதாக அவள் நாலு வருஷமாக வைத்திருக்கிறாள் என்று எனக்கு அப்போது உறுதியாகத் தோன்றியது.

அடுத்த செவ்வாய்க்கிழமை, வாழ்க்கையில் முதல்முறையாகக் கூட்டத்தில் ஒரு கேள்வி கேட்டேன்.

“பாஸ்டரம்மா, கடைசி நிறைஞ்சிருக்கும்னு ஒரு வசனம் வருதே, அதைச் சொன்னது ஆண்டவர் இல்லையாமே. அந்தக் கூட்டாளிதானே சொல்றாரு?”

அக்காதான் வாயைத் திறந்தார்கள். “கண்ணு தெரிய ஆரம்பிச்சதும் கேள்வியும் மொளைக்க ஆரம்பிச்சிருச்சு பாரு ஒனக்கு!”

“அக்கா, அன்னைக்கு நாலாவது வசனம் நீங்கதான் வாசிச்சீங்க. என்ன வாசிச்சீங்கன்னு ஞாபகம் இருக்கா?”

“நான் வாசிச்சது என் காதுக்கே விழலடி. முடிஞ்சாப் போதும்னு வாசிச்சேன். எந்த வருசத்துக் கதையை இப்ப வந்து கேக்குறா!”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேறென்ன செய்ய. பாஸ்டரம்மா சிரிக்கவில்லை. “வேதத்துல இருக்கிற வசனம் எல்லாமே வசனந்தாம்மா. விசுவாசத்தோட எடுத்துக்கிட்டா ஆசீர்வாதம்தான்,” என்று சொல்லி அடுத்த பாட்டை ஆரம்பித்துவிட்டார்கள். கூட்டம் கலைந்து செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போது என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்கள்: “எங்க கல்யாணப் பத்திரிகையிலயும் அதைத்தாம்மா போட்டிருந்துச்சு. நானும் திருப்பிப் பார்த்ததில்லை.” நல்ல மனுஷி. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது.

நான் நிறுத்தாமல் மீதியையும் வாசித்தேன். அதற்குள் கடும் வெயில் மாதம் வந்துவிட்டது. சிநேகிதர் பேசுவதெல்லாம் கேட்கக் கேட்க நம் சபையில் பேசுகிற மாதிரியே இருந்தது. அழகழகாகப் பேசுகிறார்கள். ஒவ்வொன்றையும் எடுத்துக் காலண்டரில் போடலாம். சாம்பல்காரர் பேசுவதை எதிலும் போட முடியாது. பிறந்த நாளைச் சபிக்கிறார், என்னைக் கொஞ்சம் விடும், எச்சில் விழுங்குகிற நேரமாவது விடும் என்று ஆண்டவரிடமே சண்டை போடுகிறார். அவர் பேச்சை நான் ஒருநாளும் பாடம் பண்ணினதில்லை. ஆனால் கடைசியில் ஆண்டவர் பெருங்காற்றில் வந்து, இவன்தான் என்னைக் குறித்துச் சரியாகப் பேசினான், நீங்கள் பேசவில்லை என்று அந்த மூன்று பேர் மேலும் கோபப்படுகிறார்.

அங்கே ஒரு காரியம் இருக்கிறது. அந்த மூன்று பேரும் தாங்களாகவே ஜெபம் பண்ணி மன்னிப்புக் கேட்க முடியாது. சாம்பலில் உட்கார்ந்தவரிடமே அவர்கள் போக வேண்டும். அவர் அவர்களுக்காக ஜெபிக்க வேண்டும். அவர் முகத்தைத்தான் ஆண்டவர் பார்ப்பாராம். நான் அந்த இரண்டு மூன்று வசனத்தை எத்தனை தரம் விரல் வைத்துப் படித்தேனோ, அந்த இடத்தில் தாள் அழுக்காகிவிட்டது.

அதற்குப் பிறகு அவருக்கு ஆடும் மாடும் ஒட்டகமும் இரண்டு பங்காகக் கிடைக்கின்றன. பிள்ளைகளும் மறுபடி பத்துப் பேர். முன்னால் பிரசங்கத்தில் இதைக் கேட்கும்போது நன்றாகத்தான் இருக்கும். இப்போது படித்தபோது, சரி, அந்த முதல் பத்துப் பேர் என்னவானார்கள் என்று இருந்தது. அவர்களைப் பற்றி அதற்கு மேல் ஒரு வரியும் இல்லை. மேலே கீழே தேடிப் பார்த்தேன். இல்லை.

பள்ளிக்கூடம் திறப்பதற்கு ஒரு வாரம் இருக்கும்போது மகள் வீட்டுக்குக் கிளம்பினேன். புதுக்கோட்டை போய் அங்கிருந்து அடுத்த பஸ் பிடிக்க வேண்டும். வழி முழுக்க, சொல்ல வேண்டியதை உதட்டுக்குள் சொல்லிக்கொண்டே போனேன். கூட்டத்துப் பழக்கம் போகவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண், “என்னம்மா, வேண்டுதலா?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

மகள் தையல் எந்திரத்தில் உட்கார்ந்திருந்தாள். ஊர்ப் பிள்ளைகளுக்குப் பள்ளிச் சீருடை தைத்துக்கொடுக்கிறாள். கட்டம் போட்ட துணி குவிந்து கிடந்தது. என்னைப் பார்த்ததும், “வா,” என்றாள். “கண்ணாடி நல்லா இருக்கு. சாப்பிட்டியா?” என்றாள். வழக்கத்தைவிட அது ரொம்ப அதிகம். அதில் எனக்குத் தைரியம் வந்தது.

காப்பியைக் குடிக்காமல் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன். “தாயி, அன்னைக்கு நான் ஒரு வசனம் சொன்னேன்ல. அது யாரு சொன்னதுன்னு எனக்குத் தெரியாதுடி. சத்தியமாத் தெரியாது. இப்பத்தான் முழுசாப் படிச்சேன். அதுக்கு முன்னாடி என்ன இருக்குன்னு இப்பத்தான் பார்த்தேன். ஒன்னையும் பிள்ளையையும் நான் அப்படி நினைப்பனா?”

அவள் காலை மிதிப்பலகையிலிருந்து எடுத்தாள். எந்திரம் நின்றது.

“ஒனக்குத் தெரியாதுன்னு எனக்குத் தெரியும்மா,” என்றாள்.

“தெரியுமா?”

“அந்த நிமிசம் தெரியலை. சுருக்குன்னுதான் இருந்துச்சு. ரெண்டு நாள் கழிச்சு நெனைச்சுப் பார்த்தேன். ஒனக்கு ஒன் வசனத்தைத் தவிர என்னைக்கும்மா எது தெரிஞ்சிருக்கு? சின்னப் பிள்ளையில ஒம் பக்கத்துல உக்காந்து எத்தனை தடவை பார்த்திருக்கேன், நீ எண்ணிக்கிட்டே இருப்ப.” சொல்லும்போது அவள் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்து போனது. எத்தனை வருஷம் ஆயிற்று அதைப் பார்த்து.

“பின்ன ஏன்டி எங்கிட்டப் பேசமாட்டேங்கிற? கோயிலுக்குப் போகமாட்டேங்கிற?”

அவள் துணியின் விளிம்பை மடித்து நகத்தால் கீறினாள். “நீ சொன்னதுனாலன்னு நெனைச்சுக்கிட்டியா? அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லைம்மா. நீ வேற வசனம் சொல்லியிருந்தாலும் இதேதான். நீ ஒண்ணுமே சொல்லாம இருந்திருந்தாலும் இதேதான். எனக்குப் பேசறதுக்கு ஒண்ணும் இல்லை. ஒங்கிட்டயும் இல்லை, அவர்கிட்டயும் இல்லை.” அவர் என்று அவள் சொன்னது மருமகனை இல்லை.

நான் வழியெல்லாம் சொல்லிப் பார்த்து வந்ததில் மீதி ஒன்று இருந்தது. கேட்காமல் திரும்பினால் அடுத்த நாலு வருஷம் ஆகிவிடும் என்று பயந்தேன்.

“எனக்காக ஒரு ஜெபம் பண்ணு ஆத்தா. அங்க அப்படித்தான் எழுதியிருக்கு. தப்பாப் பேசினவங்களுக்காகப் பறிகொடுத்தவருதான் ஜெபம் பண்ணணும்னு.”

“தெரியும்,” என்றாள். “கடைசி அதிகாரம்.” பிறகு கோபம் இல்லாமல், மாவு தீர்ந்துவிட்டது என்று சொல்கிற குரலில் சொன்னாள்: “நான் அதெல்லாம் விட்டு நாலு வருசமாச்சும்மா. இருந்தாத்தானே ஒனக்குத் தர முடியும்?”

எந்திரம் மறுபடி ஓட ஆரம்பித்தது.

அந்தச் சிநேகிதர் ஆரம்பத்தில் இருந்த மாதிரி ஏழு நாள் பேசாமல் அவள் கூட உட்கார்ந்துவிட்டு வரலாம் என்று மாற்றுப் புடவைகூட எடுத்துப் போயிருந்தேன். அந்தப் பையை அவள் பார்த்தாள். “ராத்திரிக்கு அவரு வீட்டு ஆளுங்க வாராங்கம்மா. படுக்க எடம் பத்தாது. நாலு மணி பஸ்ஸை விட்டா அப்பறம் இருட்டிரும்,” என்றாள். அந்தச் சிநேகிதர்களை யாரும் எழுந்து போகச் சொல்லவில்லை. என்னைச் சொன்னாள். பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன்.

திரும்பி வருகிற பஸ்ஸில் ஜெபம் பண்ணிப் பார்த்தேன். ஆண்டவரே என்பதற்கு மேல் போகவில்லை. எனக்காக நானே கேட்க முடியாது என்று இப்போது படித்துத் தெரிந்துகொண்டுவிட்டேன். முன்னால் தெரியாமல் இருந்தபோது எதையாவது கேட்டுக்கொண்டாவது இருந்தேன். வேதத்தை முழுசாகப் படித்தால் விசுவாசம் வளரும் என்று பாஸ்டர் சொல்வார். வளர்ந்திருக்கிறதா என்று தெரியவில்லை. முன்னைவிடக் கொஞ்சம் நன்றாகப் புரிகிறது, அவ்வளவுதான். புரிந்தது எதுவும் என் பக்கம் பேசவில்லை.

அவள் சொன்னதையும் யோசித்தேன். உன்னால் இல்லை என்று சொல்லிவிட்டாள். அது ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். நான் செய்த தப்புத்தான் காரணம் என்று இருந்தவரைக்கும், அதைச் சரி பண்ணிவிடலாம் என்று ஒரு நினைப்பு இருந்தது. இப்போது அதுவும் இல்லை. நான் சரி பண்ணுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை. அவள் வீட்டில் இன்னும் அந்தச் சரித்திரத்தின் நடுப்பகுதிதான் நடந்துகொண்டிருக்கிறது. ஆண்டவர் பெருங்காற்றில் வந்து பேசுகிற இடம் வரவில்லை. வரும் என்று அவளிடம் சொல்ல நான் யார். ஒரு தரம் சொன்னதே போதும்.

அதற்குப் பிறகு மாதம் ஒரு தரம் போகிறேன். வசனம் சொல்வதில்லை, ஜெபம் கேட்பதில்லை. சபையில் யாராவது, மகள் எப்படி இருக்கிறாள், கோயிலுக்கு வருகிறாளா என்று கேட்டால் இல்லை என்று சொல்லிவிடுகிறேன். நம்பிக்கையோடு இருங்கள் என்பார்கள். தலையாட்டுவேன். அவளிடம் அப்படி ஒரு மாற்றம் தெரிந்தால் எனக்கும் சந்தோஷம்தான். தெரியவில்லை.

போன மாதமும் போனேன். அவள் சின்னப் பாவாடை ஒன்றுக்கு இடுப்புப் பட்டி வைத்துக்கொண்டிருந்தாள். நான் கீழே உட்கார்ந்து, தைத்து முடித்தவற்றில் நீட்டிக்கொண்டிருந்த நூலை வெட்டிக்கொண்டிருந்தேன். அவள் வெட்டச் சொல்லவுமில்லை, வேண்டாம் என்று சொல்லவுமில்லை. மத்தியானம் சோறு போட்டாள், சாப்பிட்டேன். ஒரு வார்த்தை கிடையாது இரண்டு பேருக்கும். பதினொரு சீருடை முடிந்தது. நாலு மணி ஆகப் போகிறபோது அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். நான் கத்திரிக்கோலை எந்திரத்தின் மேல் வைத்துவிட்டு எழுந்தேன்.